தம்பியின் 30 சதவீதத்தை யாருக்கு எழுதித் தருவது?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. கால்பந்து ஆடுகிறான், இடது ஓரத்தில் தாக்கி ஆடும் விங்கர். 13 வயதிலிருந்து ஒரே கிளப்பில்தான் ஆடுகிறான். 18 வயதில் தொழில்முறை ஒப்பந்தம் போட்டார்கள், அதில் இன்னும் இரண்டு சீசன் பாக்கி. இப்போது வேறு நாட்டின் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்று அவனை ஒரு சீசனுக்கு லோனில், அதாவது இரவலாக, கேட்கிறது. பிடித்திருந்தால் வாங்கிக்கொள்வார்களாம். இதே நேரத்தில் முதலீட்டாளர் ஒருவரும் வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக் கடனை மொத்தமாக அடைத்துவிடுகிறேன், தம்பியின் பயிற்சி, மருத்துவச் செலவையும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். பதிலுக்கு, தம்பி எப்போது எந்தக் கிளப்புக்கு விற்கப்பட்டாலும் டிரான்ஸ்பர் தொகையில் 30 சதவீதம் அவருக்கு என்று தம்பி எழுதித் தர வேண்டும். "நெய்மாருக்கே இப்படித்தான் நடந்தது" என்கிறார். அப்பாவுக்குச் சம்மதம். எனக்குத்தான் ஏதோ உறுத்துகிறது. இரண்டு தாள்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா, வக்கீல் ஐயா?

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலீட்டாளர் கொடுத்த தாளில் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது. அங்கே இங்கே திருத்தி வாங்கியும் போடக் கூடாது, அது திருத்திச் சரியாகிற தாள் இல்லை. லோன் தாள் வேறு. படித்தவரை நல்ல வாய்ப்பாகவே தெரிகிறது. சில இடங்களை மாற்றச் சொல்லிவிட்டுத் தாராளமாகப் போடலாம்.

இனி காரணங்களுக்கு வருகிறேன். அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆட்டக்காரர் இத்தனை கோடிக்கு விற்கப்பட்டார் என்று செய்தியில் படிக்கிறோம். ஆளை யாரும் விற்பதில்லை. ஒரு கிளப்போடு போட்ட ஒப்பந்தம் முடிவதற்கு முன்னால் அவரை விடுவிக்க இன்னொரு கிளப் கொடுக்கும் விலைதான் டிரான்ஸ்பர் தொகை. ஒப்பந்தம் முடிந்துபோனால் விடுவிக்க எதுவும் இல்லை, எனவே விலையும் இல்லை. இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மனுக்கு 1990-ல் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆனாலும் பணம் தந்தால்தான் பிரான்சு கிளப்புக்கு விடுவோம் என்று அவருடைய பழைய கிளப் மறித்தது. அவர் வழக்குப் போட்டு, 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். அதிலிருந்துதான் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் கைவீசிக்கொண்டு போக முடிகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் முதலீட்டாளரின் 30 சதவீதம் ஒரே ஒரு சூழ்நிலையில்தான் பணமாகும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது தம்பி கிளப் மாற வேண்டும். ஒப்பந்தத்தை முழுதாக ஆடி முடித்துவிட்டுச் சும்மா போனால் அவருக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் தம்பிக்கு அதுதான் நல்ல நேரம். டிரான்ஸ்பர் தொகை கொடுக்க வேண்டியதில்லை என்றால் புதிய கிளப் அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைச் சம்பளமாகவும் கையெழுத்துப் போனஸாகவும் அவனுக்கே தரும். ஆக, தம்பிக்கு மிக லாபமான நாள் எதுவோ, அது அவருக்கு மொத்த நஷ்டம். தம்பி ஒரே கிளப்பில் நிலைத்து மூன்று சீசன் நன்றாக ஆடுவதும் அவருக்குப் பயன்படாது. அவன் நகர வேண்டும். நகர்ந்துகொண்டே இருந்தால் இன்னும் நல்லது.

அவரும் விவரமானவர்தான். தாளின் ஏழாம் பத்தியைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து தொகை இல்லாமல் கிளப் மாறினால், "அன்றைய சந்தை மதிப்பில்" 30 சதவீதத்தைத் தம்பி தன் கையிலிருந்து தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சந்தை மதிப்பை யார் கணக்கிடுவது? அடுத்த வரியிலேயே இருக்கிறது: முதலீட்டாளர் நியமிக்கும் நபர். ஒன்பதாம் பத்தியில், "நியாயமான" டிரான்ஸ்பர் ஒன்றைத் தம்பி மறுத்தால் வாங்கிய பணத்தை இரு மடங்காகத் திருப்ப வேண்டும். எது நியாயம் என்பதும் அவர் கையில்தான். சரி, இதற்குப் பிறகு தம்பியிடம் என்ன மிஞ்சுகிறது? போக மாட்டேன் என்று சொல்லும் உரிமையை அவர் விலைக்கு வாங்கிவிட்டார். வீட்டுக் கடன் அதற்கான விலை.

கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று ஒருவன் வம்பு செய்த கதை நமக்குத் தெரியும். கால்பந்தில் அதை நிஜமாகவே பல ஆண்டுகள் செய்தார்கள். பதிவு உரிமை ஒன்று, பொருளாதார உரிமை இன்னொன்று என்று பிரித்தார்கள். பதிவு கிளப் பெயரில் இருக்கும், அது இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. வருங்கால டிரான்ஸ்பர் பணம் மட்டும் துண்டு துண்டாக வெளியாட்களிடம் போகும். தென் அமெரிக்காவிலும் போர்ச்சுகல், ஸ்பெயின் போன்ற நாடுகளிலும் இது சர்வ சாதாரணம். கையில் காசில்லாத கிளப்புகளுக்கு இது கடன் வாங்குவதைவிட எளிதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வில்லன்கள் மட்டுமே நடத்திய வியாபாரம் என்று நான் நினைக்கவில்லை. இங்கிலாந்தும் பிரான்சும் போலந்தும் முன்பே தடை செய்திருந்தன. 2015 மே 1 முதல் சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா உலகம் முழுக்கத் தடை செய்தது.

அந்த விதியின் எண் 18டெர். கிளப்போ ஆட்டக்காரரோ, வருங்கால டிரான்ஸ்பர் தொகையில் முழுதாகவோ பகுதியாகவோ மூன்றாம் நபருக்குப் பங்கு தரும் ஒப்பந்தம் எதையும் செய்யக் கூடாது என்கிறது. "ஆட்டக்காரரோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். கிளப் கையெழுத்துப் போடவில்லை, தம்பி மட்டும்தானே போடுகிறான் என்று முதலீட்டாளர் சொல்லியிருப்பார். அது தப்பிக்கும் வழி ஆகாது. தண்டனை தம்பி தலையிலேயே வந்து விழும்.

மூன்றாம் நபர் யார் என்பதையும் விதியே சொல்கிறது. அந்த ஆட்டக்காரர், அவரைக் கொடுக்கும் கிளப், வாங்கும் கிளப், முன்பு அவர் பதிவாகியிருந்த கிளப்புகள் ஆகியோரைத் தவிர மற்ற எல்லோரும் மூன்றாம் நபர்தான். இந்தப் பட்டியலில் அப்பா இல்லை, அக்கா இல்லை. இதைக் கேட்டதும் சிலர், அப்படியானால் பங்கை அப்பா பெயரில் எழுதி, அப்பாவிடமிருந்து முதலீட்டாளருக்கு மாற்றலாமே என்பார்கள். அந்த யோசனை உங்கள் வீட்டில் எழுவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இதில் இன்னொரு சிக்கல், நீங்கள் எதிர்பார்த்தே இருக்க மாட்டீர்கள். அதே லோன் வாய்ப்பைத்தான் இது கெடுக்கும். நாடு விட்டு நாடு போகும் ஒவ்வொரு டிரான்ஸ்பரும், லோன் உட்பட, ஃபிஃபாவின் டிஎம்எஸ் என்ற கணினி அமைப்பில் ஏற வேண்டும். அதில் ஏற்ற வேண்டிய ஆவணங்களில் ஒன்று, இந்த ஆட்டக்காரரின் பொருளாதார உரிமையில் மூன்றாம் நபர் யாருக்கும் பங்கில்லை என்ற உறுதிமொழி. பழைய கிளப்பும் ஆட்டக்காரரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். முதலீட்டாளரின் தாளில் பதினோராம் பத்தி, இந்த ஒப்பந்தத்தைக் கிளப்புக்குத் தெரிவிக்கக் கூடாது என்கிறது. அதாவது இன்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சில வாரத்தில் இன்னொரு தாளில் அப்படி ஒன்றும் இல்லை என்று தம்பி பொய் எழுத வேண்டும்.

இது கற்பனை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோல்கீப்பர் வழக்கில் நான் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். புதிய கிளப்பின் அலுவலகம், பதிவு முடிய இன்னும் ஐந்து மணி நேரம். சம்பளம், போனஸ், வீட்டு வாடகை எல்லாத் தாளிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவன், இந்த உறுதிமொழிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டான். என் பக்கம் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா என்று கேட்டான். வராண்டாவில் பாஸ்போர்ட் உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். "ஆலோசனைக் கட்டணம்" என்று தலைப்பு. உள்ளே 25 சதவீதம். தேதி போடும் இடம் காலி. பிரச்சினை வந்தால் தடைக்கு முந்தைய தேதி ஒன்றை எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தடை வந்த அன்று அவனுக்கு வயது 14. கிளப்பிடம் உண்மையைச் சொன்னோம். அவர்கள் கோபப்படவில்லை, அவகாசம்தான் கேட்டார்கள். அன்றிரவு பதிவுக் காலம் முடிந்தது. ஆறு மாதம் கழித்து, முதலில் பேசியதைவிடக் குறைந்த சம்பளத்தில் அதே கிளப்புக்குப் போனான்.

இனி நெய்மார். முதலீட்டாளர் சொன்னது பொய்யில்லை, ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். பிரேசிலின் சான்டோஸ் கிளப்பில் ஆடிய காலத்தில் நெய்மாரின் பொருளாதார உரிமையில் 40 சதவீதம் டிஐஎஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் இருந்தது. 2013-ல் பார்சிலோனாவுக்குப் போனபோது அறிவித்த மொத்தத் தொகை 5.71 கோடி யூரோ. அதில் சான்டோஸுக்குப் போனதாகக் கணக்கில் காட்டியது 1.71 கோடி மட்டும். மீதி 4 கோடி நெய்மாரின் பெற்றோர் நடத்திய நிறுவனத்துக்குப் போனது. டிஐஎஸ்ஸுக்கு 1.71 கோடியில் 40 சதவீதம், அதாவது சுமார் 68 லட்சம் யூரோதான் கிடைத்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள். அது 2022 வரை இழுத்து, அந்த ஆண்டு டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலை ஆனார்கள். உலகத்தின் மிகப் பிரபலமான ஆட்டக்காரர்களில் ஒருவர், கோர்ட்டில் வந்து உட்கார்ந்து இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் கையிலிருக்கும் தாளில் ஏழாம் பத்தியும் ஒன்பதாம் பத்தியும் இத்தனை கறாராக இருப்பதற்கு இந்த மாதிரி வழக்குகளும் ஒரு காரணம். முதலீட்டாளர்கள் பாடம் கற்றுவிட்டார்கள். அந்தப் பாடத்தை ஆட்டக்காரர் தலையில் எழுதுகிறார்கள்.

கார்லோஸ் டெவெஸ் கதையையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். கொஞ்சம் கால்பந்து தெரிந்தவர் என்றால் ரசிப்பார். 2006 ஆகஸ்ட் கடைசி நாளில் டெவெஸும் மாஷெரானோவும் பிரேசிலின் கொரிந்தியன்ஸிலிருந்து லண்டனின் வெஸ்ட் ஹாமுக்கு வந்தார்கள். அர்ஜென்டினாவின் உலகக் கோப்பை ஆட்டக்காரர்கள் இருவர் அத்தனை சின்ன கிளப்புக்கு எப்படி வந்தார்கள் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். அவர்களுடைய உரிமைகள் வெளி நிறுவனங்களிடம் இருந்தன, அதை வெஸ்ட் ஹாம் இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு முழுதாகச் சொல்லவில்லை. 2007 ஏப்ரலில் 55 லட்சம் பவுண்டு அபராதம். புள்ளி மட்டும் குறைக்கவில்லை. சீசனின் கடைசி நாள், மே 13, மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் டெவெஸ் ஒரே கோலை அடித்தார். வெஸ்ட் ஹாம் தப்பியது, ஷெஃபீல்டு யுனைடெட் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. பிறகு அந்த இரண்டு கிளப்புக்கும் இடையே நஷ்ட ஈட்டுச் சண்டை. அதோடு அந்த லீகில் இந்த வியாபாரத்துக்குக் கதவு மூடப்பட்டது. டெவெஸ் எப்போது எங்கே போவது என்பதில் அவரைப் பதிவு செய்த கிளப்பைவிட வெளியிலிருந்தவர்களுக்கு அதிகப் பிடி இருந்தது. உங்கள் தாளும் அதைத்தான் கேட்கிறது, அளவில் மட்டும் சிறியது.

"சரி, தடை இருக்கிறதல்லவா? கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வோம், பிறகு செல்லாது என்று சொல்லிவிடுவோம்." இப்படியும் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். ஃபிஃபா தடை என்பது கால்பந்து உலகத்தின் ஒழுங்கு விதி. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவதை அது தானாகத் தடுத்துவிடாது. போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப் இதே மாதிரி ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்தது. 2012-ல் அர்ஜென்டினா ஆட்டக்காரர் மார்கோஸ் ரோஹோவை வாங்கியபோது டோயென் என்ற முதலீட்டு நிறுவனம் பெரும்பகுதிப் பணத்தைப் போட்டு 75 சதவீதப் பங்கை வைத்திருந்தது. 2014-ல் அவர் 2 கோடி யூரோவுக்கு மான்செஸ்டர் யுனைடெட் போனார். விற்கச் சொல்லி டோயென் நெருக்கடி கொடுத்தது, எனவே ஒப்பந்தம் முறிந்தது என்று ஸ்போர்ட்டிங் வாதாடியது. போட்ட முதலை மட்டும் திருப்பித் தந்து லாபத்தில் பங்கு தர மறுத்தது. சுவிட்சர்லாந்திலிருக்கும் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2015 டிசம்பரில் டோயென் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அது தடைக்கு முந்தைய ஒப்பந்தம் என்பது உண்மைதான். ஆனால் பெரிய கிளப்பே வக்கீல் பட்டாளத்தோடு போய்த் தோற்ற இடத்தில், 20 வயதுப் பையன் ஒரு பக்கம் ஃபிஃபா நோட்டீஸும் இன்னொரு பக்கம் கடன் வழக்குமாக நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக் கடன் உண்மையான நெருக்கடி, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதருக்குத் தம்பி மேல் நிஜமாகவே அக்கறை இருந்தால், சாதாரணக் கடனாகத் தரட்டும். இவ்வளவு முதல், இவ்வளவு வட்டி, இத்தனை தவணை. திருப்பித் தரும் நாள் காலண்டரைப் பார்த்து வர வேண்டும், டிரான்ஸ்பர் செய்தியைப் பார்த்து வரக் கூடாது. தொகையும் தம்பியின் விலையோடு ஏறி இறங்கக் கூடாது. அப்படி ஒரு கடன் 18டெர் விதிக்குள் வராது. இதைச் சொன்னதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள், மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் தன்னை ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டால், ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தேர்வு எழுதித்தான் அதை வாங்க முடியும். உரிமம் பெற்ற ஏஜென்ட்களின் பெயரை ஃபிஃபா தளத்திலேயே தேடலாம். ஏஜென்ட்டுக்கு அவர் செய்து முடித்த வேலைக்குக் கட்டணம் உண்டு. இனிமேல் நடக்கப்போகும் எல்லா டிரான்ஸ்பரிலும் பாகம் கிடையாது.

அந்த 30 சதவீதத்தைப் பற்றி இன்னொன்று. அதில் ஒரு பகுதியைத் தம்பியே கேட்கலாம். ஆட்டக்காரர் தன் சொந்த டிரான்ஸ்பர் தொகையில் பங்கு வாங்குவது மூன்றாம் நபர் உரிமை ஆகாது என்று 2018-ல் ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முடிவு செய்தது. அடுத்த ஆண்டு விதியின் வரையறையிலேயே ஆட்டக்காரருக்கு விலக்கு வந்துவிட்டது. இப்போது உங்கள் கிளப் லோனுக்கு முன் ஒப்பந்தத்தை ஒரு சீசன் நீட்டச் சொல்லும். லோனுக்கு அனுப்பிய பையன் நன்றாக ஆடி, ஒப்பந்தம் முடிந்து கைநழுவிப் போய்விடக் கூடாதே என்ற பயம். அங்கேதான் உங்கள் பிடி. நீட்டுகிறோம், ஆனால் விற்றால் 10 சதவீதம் ஆட்டக்காரருக்கு என்று எழுதுங்கள் என்று கேளுங்கள்.

முடியாது, நாங்கள்தான் வளர்த்தோம் என்பார்கள். வளர்த்ததற்கு அவர்களுக்குத் தனியாகவே வழி இருக்கிறது. ஒப்பந்தக் காலத்தில் நடக்கும் பிற்கால டிரான்ஸ்பர்களில் 5 சதவீதம் ஒற்றுமைப் பங்களிப்பு என்ற பெயரில் 12 முதல் 23 வயது வரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை சீசனுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை சீசனுக்கு 0.5 சதவீதம். தம்பி 13-லிருந்து 20 வரை அங்கே இருந்ததற்கு 3.25 சதவீதம் வரும். நாளைக்கு வாங்கிய கிளப் அவனை வேறு நாட்டுக் கிளப்புக்கு விற்றால், ஒவ்வொரு கோடிக்கும் மூன்றேகால் லட்சம் இவர்கள் வாசலுக்கு வரும். அது போக, அடுத்த விற்பனையிலும் எங்களுக்குப் பங்கு என்று அவர்கள் எழுதிக்கொள்ளலாம், முன்னாள் கிளப் என்பதால் அதற்குத் தடையில்லை. எனவே 10 சதவீதம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். 5-க்கு இறங்கி வந்தாலும் லாபம்தான்.

இனி லோன் தாள். தாயக் கிளப்பும், அதாவது தம்பியின் இப்போதைய கிளப்பும், லோனில் எடுக்கும் கிளப்பும் எழுதிக்கொண்டது, தம்பி கடைசியில் கையெழுத்து. பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் இல்லை, லோனில் எடுத்த கிளப் இன்னொரு கிளப்புக்கு மறுலோன் விட முடியாது. இரண்டும் ஃபிஃபா விதியே. தாயக் கிளப்புக்கு எதிராக ஆடக் கூடாது என்ற பத்தியை விட்டுத்தள்ளுங்கள், இரண்டும் வேறு நாட்டில் இருக்கின்றன. ஆடினால்தான் என்ன? 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் செல்சியின் கோல்கீப்பர் கோர்த்துவா லோனில் அத்லெத்திகோ மாட்ரிட்டுக்காக அதே செல்சியை எதிர்த்து நின்றார். தடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா சொல்லிவிட்டது. செல்சி சொந்த மைதானத்தில் 3-1 என்று தோற்று வெளியேறியது.

கவனிக்க வேண்டியது ஆறாம் பத்தி. தம்பி 20 ஆட்டங்களில் குறைந்தது 45 நிமிடம் ஆடினால் அந்தக் கிளப் அவனைக் கட்டாயம் வாங்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. பிரான்சின் ஆட்டக்காரர் கிரீஸ்மனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். 2021-ல் பார்சிலோனாவிலிருந்து அத்லெத்திகோவுக்கு லோனில் போனார். கிடைக்கும் ஆட்டங்களில் பாதிக்கு மேல் 45 நிமிடத்தைத் தாண்டினால் 4 கோடி யூரோ கொடுத்து வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாகச் செய்திகள் வந்தன. 2022 சீசன் தொடக்கத்தில் அவர் ஆட்டத்துக்கு ஆட்டம் 60 நிமிடம் கழித்துத்தான் உள்ளே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உலகக் கோப்பை வென்ற ஆட்டக்காரர், மைதானத்தின் கடிகாரத்தைப் பார்த்து ஒரு கிளப் மொத்தமும் காத்திருந்த காட்சி அது. அந்த அக்டோபரில் இரண்டு கிளப்பும் குறைந்த தொகைக்கு உடன்பட்டதும் முழு நேரமும் ஆடத் தொடங்கினார்.

அதே கடிகாரம் உங்கள் தம்பிக்கும் ஓடும். 19 ஆட்டம் ஆனதும் பயிற்சியாளருக்கு மேலிடத்திலிருந்து ஒரு போன் வரும். அதனால் ஆட்ட எண்ணிக்கையை வாங்கும் கட்டாயத்தோடு கட்ட வேண்டாம். வாங்குவது அவர்கள் விருப்பம் என்றே இருக்கட்டும், விலையை மட்டும் இப்போதே எழுதட்டும். எண்ணிக்கையைப் போனஸில் வையுங்கள்: 10 ஆட்டத்துக்கு இவ்வளவு, 20-க்கு இவ்வளவு. தொகை சிறிதாக இருந்தால் அவனை வெளியே உட்கார வைக்கத் தோன்றாது. இன்னும் நல்லது, குறிப்பிட்ட ஆட்டங்களுக்குக் கீழே ஆட வைத்தால் அந்தக் கிளப் தாயக் கிளப்புக்கு அதிக லோன் கட்டணம் தர வேண்டும் என்று போடுவது. இது பல லோன்களில் இருக்கிறது, தாயக் கிளப் மறுக்காது. அவர்கள் வாங்க முடிவு செய்தால் தம்பிக்கு என்ன சம்பளம், எத்தனை வருடம் என்ற இடம் காலியாக இருக்கிறது. போவதற்கு முன் அதை நிரப்பியாக வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்றால், அப்போது பேசும் இடத்தில் அவன் மட்டும் தனியாக இருப்பான்.

இன்னொரு கணக்கு. ஒரு கிளப் நாட்டுக்கு வெளியே ஆட்டக்காரரை லோனில் விடவும் எடுக்கவும் ஃபிஃபா உச்சவரம்பு வைத்திருக்கிறது, இப்போது தலா 6 பேர். ஆனால் அனுப்பும் கிளப்பே வளர்த்த, 21 வயது வரை உள்ள ஆட்டக்காரர்கள் கணக்கில் வர மாட்டார்கள். தம்பிக்கு இரண்டும் பொருந்தும், அவன் விலக்கு. எனவே இந்த வரம்பு அவனைக் காப்பாற்றாது. அந்தக் கிளப்பில் ஏற்கெனவே எத்தனை விங்கர்கள், அதில் எத்தனை பேர் லோனில் வந்தவர்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நாலு பேர் இருந்தால் வேறு கிளப் பார்ப்பது நல்லது.

ஜனவரியில் திருப்பி அழைக்கலாம் என்ற பத்தியும் இருக்கிறது. ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவாகலாம், ஆனால் அதிகாரப்பூர்வ ஆட்டம் இரண்டு கிளப்புக்குத்தான் ஆட முடியும். தொடக்கத்தில் தாயக் கிளப்புக்கு ஓர் ஆட்டத்தில் ஐந்து நிமிடம் இறங்கிவிட்டு லோனில் போய் ஆடினால், ஜனவரியில் திரும்பி வந்தபின் தாயக் கிளப்பைத் தவிர வேறு புதிய கிளப் எதற்கும் ஆட முடியாது. ஆகவே லோன் பேச்சு நடக்கும்போது, போகிற போக்கில் ஓர் ஆட்டம் இறங்கு என்று பயிற்சியாளர் சொன்னால் தயங்கச் சொல்லுங்கள். சீசன் மாதங்கள் வேறுபடும் நாடுகளுக்கு இடையே சிறு விலக்கு உண்டு, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

சம்பளத்தை யார் தருவது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வேறு மாதிரி எழுதாவிட்டால், லோன் காலத்தில் தாயக் கிளப்பின் பொறுப்பு நின்றுவிடும். புதிய கிளப் இரண்டு மாதச் சம்பளம் தராமல் இழுத்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள்ளும் வராவிட்டால் தக்க காரணத்தோடு முறித்துக்கொண்டு வரலாம். அப்படி வந்தவனைத் தாயக் கிளப் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டதெல்லாம் நோட்டீஸ் ஆகாது. காயம் பட்டால் சிகிச்சை யார் செலவு என்ற வரி இல்லை, அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். விங்கருக்குத் தொடைத் தசை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசிப் பத்தி, மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்கிறது. அப்படி நிபந்தனை வைக்க ஃபிஃபா விதியில் இடமில்லை, வேலை அனுமதி விசாவுக்கும் அதே கதைதான். சோதிக்க வேண்டும் என்றால் கையெழுத்துக்கு முன்பே சோதிக்கட்டும். அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ஆறாம் பத்தியை மாற்றி எழுதி, காலி இடங்களை நிரப்பிய புதிய தாளைக் கேளுங்கள். அது வந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். இந்த முறை பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், ஐந்தாம் பத்தியின் கடைசி இரண்டு வரி படத்தில் விழவில்லை.